ஈரக்காட்டின் வாரிசுகள்

கத்திரி வெயிலில் கெடிலக் கரையோரமாகக் கடலூரிலிருந்து மேற்கே போயிருக்கிறீர்களா? ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். கரும்பு வெட்டிய வயல்களில் சோகை எரித்த கருமை. முந்திரித் தோப்புகளின் அடியில் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். அந்த வெளிறிய பரப்பில் சில ஊர்களின் கோயில் காடுகள் மட்டும் கரும்பச்சையாக நிற்கும். பாடல் பெற்ற தலமான திருமாணிக்குழியில் அப்படி ஒரு காடு உண்டு. குழந்தைகுப்பத்தில் இன்னொன்று. 1997-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் என். பார்த்தசாரதியும் ஆர். கார்த்திகேயனும் இவ்விரண்டு காடுகளின் தாவரங்களைக் கணக்கெடுத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 

உள்ளே நுழைந்தால் முதலில் தெரிவது உயரக் குறைவு. மரங்கள் வானளாவ வளர்ந்திருக்காது. இலைகள் சிறியவை, தடித்தவை, தோல் போன்றவை. ஒன்றை மடித்தால் மடங்காமல் முறியும். காசா என்று ஊரார் சொல்லும் காயா மரம், வீரை, உலக்கைப் பாலை, கொக்கோட்டை, காட்டு எலுமிச்சை ஆகியவை நெருக்கமாக நிற்கும். அவற்றின் மேல் கொடிகள் பின்னிக் கிடக்கும். கடலூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தொகையைப் பார்த்தால் பஞ்சமில்லை. ஆனால் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்தால் ஆனி முடியும்வரை மண்ணில் ஈரம் பார்ப்பது அரிது. ஆண்டில் பாதி நாள் தண்ணீரே இல்லாமல், இலையும் உதிர்க்காமல், பச்சையாகவே நிற்கின்றன இந்த மரங்கள். வனத்துறையினர் இதற்கு வைத்திருக்கும் பெயர் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. உலர்ந்த காடு எப்படிப் பசுமை மாறாமல் இருக்கும் என்ற கேள்வி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

வறண்ட நிலத்துச் செடிகொடிகளைப் பார்க்கும்போது, இவை வறட்சிக்கென்றே பிறந்தவை, ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது உண்மையல்ல என்பதற்கான சான்று அந்த மரங்களின் வேருக்குக் கீழேயே இருக்கிறது. கேப்பர் மலையும் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேடுகளும் ஒரு குறிப்பிட்ட பாறையால் ஆனவை. புவியியலாளர்கள் அதற்கு நம் ஊர்ப் பெயரையே சூட்டி, கடலூர் மணற்கல் என்கிறார்கள். ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மணலும் களிமண்ணும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்து இறுகிய பாறை அது. அந்த மணலோடு மரங்களும் வந்தன.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் அவற்றை நேரில் பார்க்கலாம். வக்ரகாளியைக் கும்பிடப் போகிறவர்களில் பெரும்பாலோர், கோயிலுக்கு அருகிலேயே இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதினார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பாதுகாப்பில் இருக்கும் இவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. கிளை இல்லை, பட்டை இல்லை, வேர் இல்லை. வெறும் அடிமரங்கள் மட்டும் படுத்துக் கிடக்கின்றன. வெள்ளத்தில் உருண்டு வந்ததால் மற்றதெல்லாம் உதிர்ந்துவிட்டது. மணலில் புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல ஊறியது. மரச்செல் ஒவ்வொன்றிலும் நிரம்பி, மரம் இருந்த இடத்தில் மரத்தின் வடிவிலேயே கல்லானது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், நேற்று வெட்டிய மரத்தைப் போல நீர்க்குழாய்களும் கதிர்களும் தெரியும். அந்த அமைப்பை வைத்துத்தான் எந்தக் குடும்பத்து மரம் என்று அடையாளம் காண்கிறார்கள்.

அப்படிக் கண்ட குடும்பங்களின் பட்டியல் வியப்பூட்டுவது. ஒன்று குங்கிலியக் குடும்பம். இன்று அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் மலேசிய, இந்தோனேசியக் காடுகளிலும் வானுயர வளரும் மரங்களின் குடும்பம். இன்னொன்று போடோகார்ப் என்ற ஊசியிலைக் குடும்பம். விந்தியத்துக்குத் தெற்கே அந்தக் குடும்பத்தில் தானாக வளரும் மரம் இன்று ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்க்க அகத்தியமலை, ஆனைமலை போன்ற ஈரமான மலைக்காடுகளுக்குத்தான் போக வேண்டும். இவற்றோடு மங்குஸ்தான், குடம்புளியின் குடும்பமும், மருத மரத்தின் குடும்பமும், கள்ளியின் குடும்பமும், அவரையின் குடும்பமும் கிடைத்திருக்கின்றன.

நெய்வேலி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 1934-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கறுப்புப் பொருளும், 1956-இல் தொடங்கிய நிறுவனம் இன்றும் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியும் மட்கிப் புதைந்த காடுதான். தாவரவியலாளர் சி. ஜி. கே. ராமானுஜம் அந்த நிலக்கரியில் சிக்கியிருந்த மகரந்தத் தூள்களை ஆராய்ந்து 1966-இல் வெளியிட்டார். மகரந்தத்தின் மேலுறை எளிதில் அழியாது. கோடி ஆண்டு கழித்தும் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். அவர் முடிவு, இது மயோசீன் என்ற புவியியல் காலத்து வெப்பமண்டலக் காடு, கடலோரச் சதுப்பை ஒட்டி வளர்ந்தது என்பது. நெய்வேலி அனல்மின் நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தால், விளக்கில் எரிவது அந்த மழைக்காட்டின் எச்சம்.

ஆக, ஒரே நிலத்தில் இரண்டு காடுகள். கீழே கல்லாகவும் கரியாகவும் கிடக்கும் மழைக்காடு. மேலே கத்திரி வெயிலில் பச்சையாக நிற்கும் உலர்காடு. நடுவில் நடந்தது என்ன?

நிலம் மாறியது. ஆசியாவில் முட்டிய இந்தியத் துண்டு இமயத்தை உயர்த்தியது. பருவக்காற்றின் போக்கு இறுகியது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தன் மேற்குச் சரிவிலேயே பிடித்து வைத்துக்கொண்டது. கிழக்குக் கரைக்கு மிஞ்சியது வடகிழக்குப் பருவத்தின் இரண்டு மூன்று மாத மழை. இது ஒரு நாளிலோ ஒரு நூற்றாண்டிலோ நடக்கவில்லை. பல இலட்சம் தலைமுறை மரங்கள் பிறந்து மடிய மடிய நடந்தது. குங்கிலியக் குடும்பத்தில் பெரும்பாலானவை இங்கிருந்து மறைந்தன. போடோகார்ப் மலையேறிவிட்டது. சில குடும்பங்கள் மட்டும் பெயரை வைத்துக்கொண்டு உடம்பை மாற்றிக்கொண்டன.

பாலை தனி நிலம் அன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து வறண்டால் அதுவே பாலை என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் சொல்கிறார். அவர் கோடையைப் பற்றிச் சொன்னார், பரிணாமத்தைப் பற்றி அல்ல. ஆனாலும் தாவர வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

கொக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது மங்குஸ்தானின் நேர் உறவு, ஒரே பேரினம். மங்குஸ்தான் ஆண்டு முழுதும் மழை கேட்கும். குற்றாலத்திலும் பர்லியாரிலும் காய்க்கும், கடலூரில் காய்க்காது. கொக்கோட்டையோ உப்புக்காற்றும் மணலும் உள்ள சோழமண்டலக் கரையில் நிற்கிறது. உலக்கைப் பாலை சப்போட்டாவின் உடன்பிறப்பு. அதன் சிறிய மஞ்சள் பழத்தை ஈழத்து வன்னியில் பாலைப்பழம் என்று கூடை கூடையாக விற்பார்கள். அதன் மரம் உலக்கை செய்யுமளவுக்கு வைரம் பாய்ந்தது. அந்த வைரத்துக்கும் வறட்சிக்கும் தொடர்பு உண்டு.

மரம் தண்ணீர் குடிப்பது பம்பு வைத்து அல்ல. இலையில் ஆவியாகும் நீர், வேரிலிருந்து உச்சிவரை ஒரு நீர்க்கம்பியை இழுத்துப் பிடிக்கிறது. மண் காயக் காய அந்தக் கம்பி விறைக்கும். விறைப்பு எல்லை மீறினால் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து கம்பி அறுந்துவிடும். மழைக்காட்டு மரத்தின் குழாய்கள் அகலமானவை. வேகமாக நீரேற்றும், ஆனால் எளிதில் அறுந்துவிடும். உலர்காட்டு மரத்தின் குழாய்கள் குறுகலானவை, சுவர் தடித்தவை. நீர் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் கம்பி அறுவது கடினம். தடித்த சுவர் என்றால் கனத்த மரம், மெதுவான வளர்ச்சி. மனித வாழ்நாளில் ஒரு பாலை மரம் பெரிதாகிவிடாததற்குக் காரணம் இதுதான். ஒரு நாளில் அறுத்துவிடலாம் என்பது வேறு விஷயம்.

இலையின் கதை இன்னும் நுட்பமானது. ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும். அது உள்ளே வர இலைத்துளை திறக்க வேண்டும். திறந்தால் நீர் வெளியேறும். தாவரம் தரைக்கு வந்த நாள் முதல் இருக்கும் இக்கட்டு இது. வெயில் ஏறினால் இன்னொரு தொல்லையும் சேரும். கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, சூட்டில் தடுமாறி ஆக்சிஜனைப் பிடித்துவிடும். சேர்த்த மாவுச்சத்தில் ஒரு பங்கு அதனால் வீணாகும்.

இதற்கு ஒரு வழி கண்ட செடியை நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு வண்டி வண்டியாக ஏற்றிப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரும்பின் இலையில் வெளிச்செல்கள் வேறொரு நொதியால் கரியமில வாயுவைப் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி, நரம்பைச் சுற்றிய உள்செல்களுக்கு அனுப்புகின்றன. அங்கே வாயு செறிவாக விடுவிக்கப்படுவதால் ரூபிஸ்கோவுக்குத் தடுமாற்றம் இல்லை. துளையைப் பாதி மூடியும் வேலை நடக்கும். ஹவாயில் கரும்பை வைத்துக் கிடைத்த குறிப்புகளைத் தொடர்ந்து, ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1966-இல் இந்த வழியை விளக்கினார்கள். இதற்கு சி4 என்று பெயர். சோளம், கம்பு, கேழ்வரகு, அறுகு, ஏன், முளைக்கீரைகூட சி4 தான். நெல் அல்ல. அதே எடைச் சத்தைச் சேர்க்க சி4 செடிக்கு ஏறக்குறையப் பாதி நீர் போதும். மானாவாரிக் காட்டில் கம்பையும் கேழ்வரகையும் விதைத்த நம் முன்னோர் வேதியியல் படிக்கவில்லை. எந்தப் பயிர் எந்த நிலத்தில் நிலைக்கும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தார்கள். கரும்பு மட்டும் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறதே என்று கேட்கலாம். ஆண்டு முழுதும் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் பயிர் அது. சேர்க்கும் சத்துக்குத் தக்க நீரையும் கேட்கிறது.

இந்த வழி ஒரு செடியில் ஒரு முறை தோன்றிப் பரவியது அல்ல. தனித்தனியாக 60-க்கும் மேற்பட்ட முறை, வெவ்வேறு குடும்பங்களில் தோன்றியிருக்கிறது. காரணம், தேவையான நொதிகள் எல்லாத் தாவரங்களிலும் வேறு வேலைகளுக்காக ஏற்கெனவே இருந்தன. இடமும் நேரமும்தான் மாறின. இந்தப் புற்கள் பெருகிய காலத்தையும் மண் பதிவு செய்திருக்கிறது. சி4 செடிகள் சேர்க்கும் கார்பனில் கனமான அணுக்களின் விகிதம் சற்று வேறுபடும். பாகிஸ்தானின் சிவாலிக் குன்றுகளில் புதைந்த பழைய மண்ணில் அந்த விகிதத்தை அளந்த ஜே குவேடு, துரே செர்லிங் குழு, சுமார் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே காடு பின்வாங்கிப் புல்வெளி பரவியதை 1989-இல் எழுதியது.

இன்னொரு வழியை உங்கள் வீட்டுத் தொட்டியிலேயே சோதிக்கலாம். ரணகள்ளி என்றும், கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்றும் நம் பக்கம் சொல்லும் செடி இருக்கிறதல்லவா? தரங்கம்பாடிக்கு மொரேவிய மிஷனரியாக வந்து, பின்பு கும்பினியின் தாவரவியலாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் அதன் இலையைக் காலையில் கடித்துப் பார்த்தார். புளித்தது. நடுப்பகலில் சுவையே இல்லை. மாலையில் இலேசான கசப்பு. இலண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அவர் கடிதம் 1815-இல் அச்சானது. நாக்கால் கண்ட அந்த உண்மைக்கு விளக்கம் பின்னால் வந்தது. இந்தச் செடி பகலில் துளையை மூடிக்கொள்கிறது. இரவின் குளிர்ச்சியில் திறந்து, கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. விடிந்ததும் துளையை அடைத்துவிட்டு, சேமித்த அமிலத்தை உடைத்து ஒளிச்சேர்க்கை செய்கிறது. காலைப் புளிப்பு அந்தச் சேமிப்பின் சுவை. ரணகள்ளியின் குடும்பப் பெயரை வைத்தே இந்த முறையை சி.ஏ.எம். என்கிறார்கள்.

பெயரில் கள்ளி இருந்தாலும் ரணகள்ளி கள்ளி அல்ல. உண்மையான கள்ளிகளுக்கு வருவோம். சிதம்பரத்தின் தில்லை மரத்தைப் புரிந்துகொள்ளக் கள்ளி வேண்டும்.

வேலியோரச் சதுரக்கள்ளியையும் சப்பாத்திக்கள்ளியையும் ஒன்றாகவே பார்க்கிறோம். இரண்டும் முள், இரண்டும் சதைத் தண்டு, இரண்டுக்கும் இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும். சப்பாத்தியைக் கீறினால் வழவழத்த நீர்தான் வரும். சதுரக்கள்ளியின் முள் இரண்டிரண்டாக இருக்கும். சப்பாத்தியில் ஒரு புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். முதலாவது யூஃபோர்பியா, ஆமணக்குக் குடும்பம். இரண்டாவது கேக்டஸ், அமெரிக்காவில் தோன்றிய குடும்பம். ஐரோப்பியர் கப்பலில் ஏறி இங்கு வந்தது. பெருகி நிலத்தை மூடிய அதை 1926-இல் கொண்டுவந்துவிட்ட பூச்சி தென்னிந்தியாவில் அடக்கியது. உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள், கடல்களுக்கு அப்பால், ஒரே வறட்சிக்கு ஒரே உருவத்தை விடையாகக் கண்டன. கொம்புக்கள்ளி இன்னும் விசித்திரம். அதன் தாவரவியல் பெயரான திருக்கள்ளி என்பது மலையாள வழக்கிலிருந்து லின்னேயஸ் 1753-இல் எடுத்தது. மழை பெய்தால் முளைக்கும் அதன் சிற்றிலைகள் மழைக்காட்டு முன்னோரைப் போலப் பகலில் மூச்சு விடுகின்றன. பச்சைத் தண்டு இரவில் மூச்சு விடுகிறது. பழைய வழக்கமும் புதிய வழக்கமும் ஒரே செடியில்.

ஆமணக்குக் குடும்பத்தின் இந்தப் பாலை அமேசான் மழைக்காட்டில் ரப்பர் மரமாகப் பார்க்கிறோம், சேலத்து மேட்டில் மரவள்ளியாகப் பார்க்கிறோம், கடலூர் வேலியில் கள்ளியாகப் பார்க்கிறோம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரத்தில் அதே பால் தில்லை மரமாக வடிகிறது. கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்று படகோட்டிகள் எச்சரிக்கும் பால். ஊருக்குத் தில்லை என்று பெயர் தந்ததும், நடராசர் கோயிலின் தலமரமும் அதுதான். ஊருக்குள் அந்தக் காடு மிஞ்சவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நீரிலே நிற்கும் மரத்தை வறண்ட நிலத் தாவரங்களோடு ஏன் சேர்க்கிறேன்? கடல்நீரில் ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு நீரைத் தன்பக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும் இழுவை வளிமண்டல அழுத்தத்தைப் போல 25 மடங்கு. வேர் அதையும் மீறி இழுத்தால்தான் ஒரு சொட்டுக் கிடைக்கும். தொண்டை வறண்டவன் கடலில் மிதப்பதைப் போன்ற நிலை. தாவரத்தின் கணக்கில் பிச்சாவரமும் ஒரு பாலைதான். ஒவ்வொரு மரமும் தன் பாணியில் சமாளிக்கிறது. படகில் போகிறவர்கள் படமெடுக்கும் தாங்குவேர்களைக் கொண்ட சுரபுன்னை, பெரும்பகுதி உப்பை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. வெண்கண்டல் உப்பை ஏற்றி, இலைச்சுரப்பி வழியே வெளியே தள்ளுகிறது. வெயிலில் அதன் இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். அது கனகாம்பரத்துக்கும் ஆடாதோடைக்கும் ஒரே குடும்பம் என்றால் நம்ப முடிகிறதா? தில்லை, உப்பை முதிர்ந்த இலைகளில் சேர்த்து, அவை சிவந்து பழுத்ததும் உதிர்த்துவிடுகிறது.

எந்தத் திறமைக்கும் ஒரு எல்லை உண்டு என்பதையும் பிச்சாவரம் காட்டியது. ஒரு காலத்தில் கூறு கூறாக மொத்தமாக வெட்டிய இடங்களில் சேற்று நிலம் காய்ந்து அமுங்கித் தட்டாகக் குழிந்தது. ஏறிய கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறியது. அலையாத்தி மரங்களே அங்கே முளைக்கவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலை ஏறி இறங்க வழி செய்த பிறகே அந்த இடங்கள் பச்சையாயின. பிச்சாவரம் பிழைத்தது, அதை அரசும் ஆய்வாளர்களும் கவனித்ததால்.

கோயில் காடுகளுக்கு அந்தக் கவனிப்பு இல்லை. அவை சில ஏக்கர் துண்டுகள். சுற்றுலாப் படகு இல்லை, சினிமாப் படப்பிடிப்பு இல்லை. சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயம் ஒன்றே வேலியாக இருந்தது. இப்போது அம்மன் மேடை பெரிய மண்டபமாகிறது, வாகனம் நிறுத்த இடம் வேண்டியிருக்கிறது, சீமைக்கருவேலம் ஓரத்திலிருந்து நுழைகிறது. வெட்டிவிட்டு வேம்பும் புங்கனும் நட்டுவிடுகிறோம் என்கிறார்கள். வேம்பும் புங்கனும் நல்ல மரங்கள், எங்கும் கிடைக்கும் மரங்கள். காசாவும் வீரையும் கொக்கோட்டையும் அப்படி அல்ல. அவற்றின் நாற்று எல்லா நாற்றங்காலிலும் இருக்காது, வளர்ச்சி மெதுவானது, விதையைப் பரப்பும் பறவைக்கும் வௌவாலுக்கும் நிழல் வேண்டும்.

கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் திருப்பணிக் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மண்டபத்துக்கு இடம் குறிக்கும் முன் காட்டுக்குள் ஒரு முறை நடந்து, நிற்கும் மரங்களின் பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு அந்த மரங்கள் இல்லாத பக்கமாக அளவு நாடாவைப் பிடியுங்கள்.